வழிகாட்டி காத்திருந்தாள்

2009 மே. போரை நிறுத்தச் சொல்லி நாங்கள் ரொறன்ரோ வீதியில் கத்திக்கொண்டிருக்க, பக்கத்து வீட்டுச் சிவரூபன் மனைவி சுலக்சனாவோடு கிரேக்கத் தீவுக்குப் போனான். அவள் தம்பியோ முள்ளிவாய்க்காலில்.

"இஞ்சை இருந்தாலும் அழத்தானே போறா, அன்ரி," என்றான். நான் வாயே திறக்கவில்லை. தெருவுக்கு மட்டும் சொன்னேன்.

திரும்பி வந்து அவனே சொன்னது இது. சுற்றிக்காட்டிய சின்ன வான் ஒவ்வோர் இடத்திலும் கிளம்பாமல் நின்றதாம். "உங்களோடு வந்த பையன் இன்னும் ஏறவில்லை. ஈரச் சட்டையோடு பின்னால் வருகிறான்," என்றாளாம் வழிகாட்டி.

"அப்பிடி ஒருத்தரும் இல்லை, வானை எடு!" என்று ஒவ்வொரு முறையும் கத்தியிருக்கிறான்.

கடைசியாகக் கடற்கரை. எல்லோரும் ஏறியதும் வழிகாட்டி யாருக்கும் காத்திராமல் கதவைச் சாத்தினாள்.

சுலக்சனா கதவைப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்சம் நில்லுங்கோ, தம்பி இன்னும் ஏறேல்லை."