அருவி நின்றதும் விழித்தவன்

அந்த மாயாஜாலக் காதல் நாவலை லோகப்பிரியா ஆறாம் முறையாகப் படித்துக்கொண்டே திட்டினாள்.

"முந்நூறு பக்கமா இந்த இளவரசன் ஆசையா ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறானேங்க. எழுதுன பொம்பளைக்குக் காதல்னா என்னன்னே தெரியாதாட்ட இருக்குது."

கணவன் சுரேந்தருக்குச் சுருக்கென்றது. "அப்பறம் எதுக்கு அம்மணி திரும்பத் திரும்பப் படிக்கறே?"

"அருவிச் சத்தத்துல நல்லாத் தூங்கறான், அருவி நின்னதும் பதறி எந்திரிக்கறான். அந்த எடம் புடிக்குமுங்க."

சுரேந்தர் கட்டிலில் சாய்ந்தான். பக்கத்துக் கொட்டகையில் அவனுடைய விசைத்தறிகள் தடதடக்க, மத்தியானத் தூக்கம் அவனை அள்ளிக்கொண்டது.

திடீரென்று கரண்ட் போனது. தறிகள் நின்றன. சுரேந்தர் பதறி எழுந்தான்.

லோகப்பிரியா புத்தகத்தை மூடினாள். "ஏனுங்க, பொம்பளைப் பேருல ரெண்டாம் பாகம் எழுதறப்பயாச்சும் அவனைப் பேச வையுங்க. நானும் கல்யாணமாகிப் பன்னெண்டு வருசமாக் காத்துட்டிருக்கறேன்."