அளவான கண்கள்

"மூணு வருஷப் படமும் வேணுமா? என்ன டீச்சர், எங்கேயாவது அழகிப் போட்டியா?"

ஸ்டூடியோக்காரர் கேட்டதற்கு டீச்சர் லேசாகச் சிரித்தார். கடைக்குள் வந்தும் கூலிங் கிளாஸைக் கழற்றவில்லை.

ஆசை யாரைத்தான் விட்டது என்று ஸ்டூடியோக்காரர் மனசுக்குள் நினைத்துக்கொண்டார்.

வருடா வருடம் பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு டீச்சர் இங்கேதான் படம் எடுப்பார். எடுக்கும்போதெல்லாம் கண் முறைப்பது போலவே விழும். பாவம், பிள்ளைகளை மிரட்டி மிரட்டி அப்படியே நின்றுவிட்டது போல! ஸ்டூடியோக்காரரும் சொல்லாமல் கொள்ளாமல் கம்ப்யூட்டரில் இமையைக் கொஞ்சம் இறக்கி, கண்ணை அளவாக்கிக் கொடுத்துவிடுவார். அதற்குத் தனியாகக் காசும் கேட்டதில்லை.

"இந்தாங்க. மூணுலயும் ஒரே மாதிரி இருக்கீங்க. வயசே ஆகல போங்க!"

டீச்சர் கூலிங் கிளாஸைக் கழற்றினார்.

ஸ்டூடியோக்காரரின் சிரிப்பு நின்றது. இரண்டு கண்ணும் பிதுங்கி, இடது கண் ரத்தமாகச் சிவந்திருந்தது.

"தைராய்டாம் அண்ணா. கோளாறு கழுத்துல, அடி கண்ணுல. நோட்டுல நான் போடற சிவப்பு மையே இடது கண்ணுக்குச் சாம்பலாத் தெரியுது. முன்னாடியே வந்திருந்தா இவ்வளவு தூரம் விட்டிருக்க மாட்டோம்னு டாக்டர் திட்டறாரு. எப்ப ஆரம்பிச்சதுன்னு பார்க்கப் பழைய படம் கேட்டாரு."

"வீட்டுல யாரும் கவனிக்கலையா டீச்சர்?"

"கவனிக்காம என்ன? 'கண்ணு பெருசாகுதுடி, வா ஆஸ்பத்திரிக்கு'ன்னு வீட்டுக்காரர் ரெண்டு வருஷமா நச்சரிச்சாரு. கண்ணாடியில பார்த்தா எனக்கும் அப்படித்தான் தோணும். உடனே அடையாள அட்டையை எடுத்துப் பார்ப்பேன். கண்ணு அளவா இருக்கும். 'படம் பொய் சொல்லுமா'ன்னு அவர் வாயை அடைச்சிடுவேன்."

டீச்சர் கையிலிருந்த படங்களை ஸ்டூடியோக்காரர் மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"டாக்டருக்கு இது வேண்டாம் டீச்சர். நான் கை வைக்காத படம் இருக்கு."

திரையில் மூன்று முகங்கள் வரிசையாக வந்தன. வருடத்துக்கு வருடம் கண் வெளியே வந்துகொண்டிருந்தது. முதல் படத்திலேயே தெரிந்தது.

டீச்சர் வெகுநேரம் பார்த்தார். கோபப்படவில்லை.

"நான் ஒரு தப்பைத் திருத்தினா சுத்தி வட்டம் போட்டுக் காட்டுவேன் அண்ணா. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."