ஊர் பார்க்கிற சாட்டு

"அண்ணை, உந்த மணிக்கூட்டுக் கோபுரம் எவ்வளவு உயரம்?" என்று கேட்டார் பாரிஸ்காரர்.

"அது... நல்ல உயரம்தான்" என்று சமாளித்தார் செல்வரத்தினம்.

எண்பத்துமூன்றில் லண்டன் வெம்பிளிக்கு வந்தவர். இந்த ஒன்பது வருடத்தில் பிக் பென்னை இவ்வளவு கிட்ட நின்று பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஆனால் அவருடைய கவலை மணிக்கூடா? பாரிசிலிருந்து மாப்பிள்ளையும் தாய் தகப்பனும் அவர் மகள் கலாவதியைப் பார்க்க வந்திருக்கிறார்கள்! அதை யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. சனி, ஞாயிறு லண்டன் பார்க்க வந்ததாகப் பெயர். பெண்ணைப் பிடித்தால் வீட்டுக்கு வருவார்கள். பிடிக்காவிட்டால் ஊர் பார்த்ததோடு சரி, இரண்டு பக்கத்துக்கும் மானம் மிச்சம். நம் ஆட்களின் மூளையே மூளை!

காலையில், பாரிஸ் பஸ் வந்து நிற்கிற விக்டோரியா கோச் ஸ்டேஷனில் அவர்களைக் கண்டதும், "பாரிசிலையிருந்தோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை. மகளையும் கூட்டிக்கொண்டு வந்திட்டியள்!" என்று அந்த அம்மா வாய் நிறையச் சிரித்தார்.

அதற்குமேல் பெயர், வேலை என்று ஒன்றும் கேட்கவில்லை. நேரில்தானே பார்க்கப் போகிறோம் என்று படம்கூட மாற்றிக்கொள்ளவில்லை. மற்றதெல்லாம் கடிதத்தில் வந்தாயிற்று. திரும்பக் கேட்டால், நம்பாமல் துருவுகிறார் என்று நினைத்துவிட்டால்?

அவருக்கு அவர்களைவிட மகளை நினைத்துத்தான் பயம். ஏற்கெனவே ஐந்து மாப்பிள்ளைகளைத் தட்டிக்கழித்தவள். ஆறாவதும் போனால், மனைவி சிவனேஸ்வரி அவரைத்தான் வறுத்தெடுப்பாள்.

ஆனால் இன்று என்ன அதிசயம்! ராணியின் அரண்மனை வாசலில் அந்த மாப்பிள்ளைப் பெடியன் காவல்காரனைப்போல் விறைத்து நின்று காட்ட, கலாவதி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். செல்வரத்தினத்தின் மனம் குளிர்ந்துபோயிற்று.

தேம்ஸ் நதிப் படகில் மாப்பிள்ளையின் தாய்க்காரி அவளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டார்.

"பிள்ளை, மீன்குழம்பு வைப்பியோ?"

"வைப்பன் மாமி. சாப்பிடுறவைதான் பாவம்!"

கெடுத்தாளே குடியை! ஆனால் அந்த அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். 'அன்ரி' என்று ஆங்கிலத்தில் சொல்லாமல், மாமியாரைக் கூப்பிடுவதுபோல் 'மாமி' என்றல்லவா சொல்லியிருக்கிறாள்!

பின்னேரம், வைத்துவிட்டுப்போன பெட்டிகளை எடுக்க எல்லோரும் விக்டோரியாவுக்குத் திரும்பினார்கள். செல்வரத்தினத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு சொல், ஒரேயொரு சொல் சொல்ல மாட்டார்களா?

தாய்க்காரி மகனைப் பார்த்தார். அவன் வெட்கத்தோடு தலையாட்டினான்.

"அண்ணை, எனக்குக் கால் உளையுது. உங்கடை வீட்டுக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடிப்பமே?"

அவ்வளவுதான். செல்வரத்தினம் கால் தரையில் படாமல் டெலிபோன் கூண்டுக்கு ஓடினார்.

"சிவனேஸ்வரி! வடைக்கு எண்ணெயைக் கொதிக்க வை! அவைக்குச் சம்மதம்! உன்ரை மகளுக்கும் பூரண சம்மதம்!"

"என்ன விசர்க்கதை கதைக்கிறியள்? பாரிஸ்காரர் பஸ்ஸை விட்டிட்டுக் காரிலை வந்து இறங்கி, மத்தியானம் துவக்கம் எங்கடை சோபாவிலை இருக்கினம். பொம்பிளை எங்கையெண்டு கேக்கினம்!"

செல்வரத்தினம் திரும்பிப் பார்த்தார். பக்கத்துக் கூண்டில், காஞ்சிபுரம் பட்டுக் கட்டிய ஒரு பெண்ணை அருகில் நிறுத்திக்கொண்டு யாரோ ஒரு மனிதர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்: "காலமை அஞ்சே அஞ்சு நிமிஷந்தானப்பா பிந்தி வந்தனான்! அதுக்குள்ளை எங்கடை பாரிஸ்காரரை ஆரோ ஒரு தமிழன், தன்ரை மகளோடை வந்து கூட்டிக்கொண்டு போட்டானாம்!"