ஒப்பிட ஒரு தங்கை

திரையில் இரண்டு படங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்று என் வயிறு, இன்னொன்று அக்காவின் வயிறு.

அம்மாவும் அக்காவும் நானும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். எது யாருடையது என்று டாக்டரம்மா இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்ன?

இடது பக்கப் படத்தில் நிணநீர்க் குழாய்கள் மெல்லிய வெள்ளை இழைகளாகக் குடலிலிருந்து ஒழுங்காக மேலே போயின. வலது பக்கத்தில் இழை என்று சொல்ல எதுவுமில்லை. அங்கங்கே அறுந்து, கசிந்து, திட்டுத் திட்டாகப் பரவிக் கிடந்தது. ஓரத்தில் நிணநீர்க் கணுக்கள் வேறு வீங்கியிருந்தன.

"குடல்ல புண்ணு வந்தா, அங்க சேர்ற நீரை இந்தக் குழாய்ங்கதான் வெளிய கொண்டுபோகணும். வீட்டுச் சாக்கடை மாதிரின்னு வெச்சுக்குங்களேன். அடைச்சுக் கசிய ஆரம்பிச்சா புண்ணு லேசுல ஆறாது" என்றார் டாக்டரம்மா.

அக்காவுக்குப் பள்ளிக்கூட நாளிலேயே வந்த குடல் அழற்சி. அந்த வியாதிக்கும் இந்தக் குழாய்களுக்கும் என்ன சம்பந்தம் என்று ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி. ஒப்பிட்டுப் பார்க்க, அதே வீட்டிலிருந்து நோயில்லாத ஆள் ஒன்று வேண்டுமாம். "இவ கல்லுக்குண்டு மாதிரி இருக்கா, எடுத்துக்குங்க" என்று அம்மா என்னை முன்னால் தள்ளிவிட்டாள்.

எங்கள் வீட்டில் என் வேலையே அதுதான். நன்றாக இருப்பது.

எனக்குக் காய்ச்சல் வந்தால், நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன் அம்மா என் படுக்கையை ஹாலுக்கு மாற்றுவாள். அக்கா சாப்பிடும் மருந்தால் எதிர்ப்புச் சக்தி குறையுமாம், ஒட்டிக்கொண்டால் ஆபத்தாம். சொந்தக்காரர்கள் வந்தால் அவளிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்பார்கள். என்னிடம் தண்ணீர் கேட்பார்கள். நான் வகுப்பில் முதலாவதாக வந்த அன்றைக்குக்கூட அம்மா பாத்ரூம் வாசலில் நின்றுகொண்டிருந்தாள், உள்ளே அக்கா. மார்க் ஷீட்டை நீட்டினேன். "உஷ், மெதுவா பேசு" என்றாள்.

போன வருஷம் எனக்கும் வயிறு வலிக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். "அவளைப் பாத்து நீயும் ஆரம்பிச்சுடாத தாயே!" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் இன்றைக்கு எனக்கு உள்ளூர ஒரே கொண்டாட்டம். அந்த வெள்ளை இழைகள் எவ்வளவு அழகாக ஓடுகின்றன! பாரும்மா, என்னுடையதை ஒரே ஒரு தடவை பார்.

அம்மா பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வலது பக்கப் படத்துக்குக் கிட்டே போனாள். அவள் கண் நிறைந்துவிட்டது. தூங்குகிற குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோல், வீங்கிய கணுக்களை விரலால் தடவினாள். "இத்தனையையும் எப்படித்தான் தாங்கினாளோ என் செல்லம்" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடைத்துப்போன குழாயைக்கூடக் கொஞ்சுகிறாளே! என்னை ஒரு நாளாவது அப்படித் தொட்டிருக்கிறாளா?

டாக்டரம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார். "இல்லம்மா, உங்க பெரிய பொண்ணுக்கு மருந்து நல்லா வேலை செய்யுது. அவங்களோடது இடது பக்கம். நீங்க தொடுறது சின்னப் பொண்ணோடது."

அம்மாவின் விரல் திரையிலேயே நின்றது. பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள். கண்ணில் இன்னும் அதே ஈரம், அதே பார்வை. வியாதியாவது ஒன்றாவது, எனக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை. அந்தப் பார்வை என் மேல் வந்து விழட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குள் அக்கா, "ஐயோ, இவளுக்குமா?" என்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

அம்மா பதறி எழுந்து ஓடினாள். என்னைத் தாண்டிப் போய் அவளைக் கட்டிக்கொண்டாள். "அழாத கண்ணு, அழாத. உன் உடம்புக்கு ஆகாது."

டாக்டரம்மா மேஜை மேலிருந்த டிஷ்யூ டப்பாவை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.