ஃபில்டர்காரருக்கு ஒரு காபி

“ஃபில்டர் சர்வீஸ்தானே? வாப்பா, வா. உன்னத்தான் பாத்துக்கினு இருக்கேன்.”

பின்பக்கக் கேட்டைத் தள்ளிக்கொண்டு நுழைந்த ஜெயக்குமாரின் கை, முதுகுப் பக்கம் இடுப்பில் சொருகியிருந்த கத்தியின் பிடியிலேயே நின்றுவிட்டது. எதிரே, தோட்டத்து மீன் தொட்டியின் விளிம்பில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் கைலாசம்.

அண்ணன் முருகேசன் பட்டப்பகலில் ஒருவனை வெட்டிச் சாய்த்ததை நேரில் பார்த்த ஒரே சாட்சி இந்த மனிதர். திங்கட்கிழமை கோர்ட்டில் இவர் வாயைத் திறந்தால் அண்ணன் ஆயுசுக்கும் வெளியே வர மாட்டான். அதற்கு முன்பே இந்த வாயை மூடியாக வேண்டும்.

“ஆமா சார், சர்வீஸ்தான்” என்றான் ஜெயக்குமார். பக்கத்தில் போக இதைவிட நல்ல வழி கிடைக்குமா?

கைலாசம் வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “வடிவு! ஃபில்டர்காரரு வந்துட்டாரு. ஒரு காபி போடு!”

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

பெண்டாட்டி வீட்டில் இருப்பாள் என்று யாரும் சொல்லவில்லையே! ஜெயக்குமார் பல்லைக் கடித்தான். சரி, காபியைக் கொடுத்துவிட்டு அவள் உள்ளே போகட்டும். அப்புறம் விலா எலும்புக்குக் கீழே ஒன்று, கழுத்தில் ஒன்று. சுற்றிலும் எல்லா வீட்டிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது. அலறினாலும் யார் காதிலும் விழாது.

“கடைக்குப் புதுசா? பரவால்ல, நான் சொல்லித் தரேன்” என்று கைலாசம் உற்சாகமாக ஆரம்பித்தார். “தொட்டிக்கு அடியில குழா வாய் இருக்குது பாரு. மோட்டாரு அது வழியா அழுக்குத் தண்ணிய உறிஞ்சி இந்த டிரம்முக்கு அனுப்பும். டிரம்முக்குள்ள ஸ்பாஞ்சு. அழுக்கு அதுல தங்கிடும், நல்ல தண்ணி மேல வழிஞ்சு திரும்பத் தொட்டிக்கே வந்துடும். மழைக்கு முந்தி இதப் பிரிச்சு அலசலேன்னா ஒரு மீனு தங்காது.”

மோட்டாரை நிறுத்தினார். வால்வைத் திறந்து, முழங்கால் அளவு இருந்த தண்ணீரைப் பாதியாக இறக்கி வாழைக்கு விட்டார். சிவப்பும் வெள்ளையுமான மீன்கள் ஒரு மூலையில் ஒதுங்கின.

“டிரம்மத் தொற. மூக்கப் பொத்திக்க, ஆறு மாசத்து அழுக்கு.”

ஜெயக்குமார் மூடியைத் திறந்தான். நாற்றம் ஒன்றும் வரவில்லை. ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசினான். நீர்த்த டீ போல லேசாக ஒரு கலங்கல், அவ்வளவுதான். இதற்குப் போய் ஒரு ஆளா என்று நினைத்துக்கொண்டான்.

“சோப்பு போட்டுடாதப்பா. எங்க தறிக்குப் பட்டு நூலுன்னா வேக வெச்சுப் பிசினப் போக்கணும். இதுல பிசினு போகவே கூடாது. அந்த வழவழப்புலதான் உசுரு இருக்குது. மீனோட கழிவ அதுதான் தின்னுது.”

சொல்லிக்கொண்டே தொட்டிக்குள் குனிந்தார். பிடரி வெயிலில் பளபளத்தது. ஜெயக்குமாரின் கை முதுகுப் பக்கம் போனது. கத்தி ஒரு விரற்கடை வெளியே வந்தது.

அவர் சட்டென்று நிமிர்ந்தார். குழாய் வாயை மூடியிருந்த, சல்லடை போல ஓட்டை போட்ட கனத்த இரும்பு மூடி கையில் இருந்தது. “கடைசி வேலை. எறங்கி, குழாக்குள்ள முழங்கை வரைக்கும் கைய விட்டு எலையெல்லாம் வாரி எடு. முடிஞ்சா நீ கெளம்பலாம்.”

காபி இன்னும் வரவில்லை. இனிக் காத்திருப்பதில்லை, இது முடிந்ததும் குத்திவிடுவது என்று முடிவு செய்து, தொட்டிக்குள் மண்டியிட்டு வலது கையை விட்டான்.

“எல ஒண்ணும் இல்லியே சார்.”

“இன்னும் உள்ள விடு.”

கைலாசம் சுவரோரம் போய் சுவிட்சைத் தட்டினார்.

குழாய்க்குள்ளிருந்து யாரோ மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது போல் இருந்தது. கை முழங்கைக்கு மேலும் உள்ளே போய்ச் சிக்கியது. தாடை தண்ணீரில் அறைந்தது. “மோட்டார நிறுத்து சார்! கை மாட்டிக்கிச்சு!”

“இழுக்காத. நீ இழுத்தா இன்னும் இறுகும்” என்றார் கைலாசம், திரும்பி வந்து தொட்டி விளிம்பில் நின்று. “உன் கை ஓட்டைய அடைச்சிடுச்சு, தண்ணிக்கு வழி இல்ல. அதான் மொத்த இழுப்பும் கை மேலயே வுழுது.”

கை பிய்ந்து போகிற நேரத்தில் பாடமா? ஜெயக்குமார் இடது கையால் கத்தியை உருவி வீசினான். கைலாசத்தின் கெண்டைக்கால் கிழிந்து ரத்தம் தொட்டியில் கொட்டியது. கத்தி மறுபடி உயர்வதற்குள் இரும்பு மூடி அவன் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்தது. கத்தி தண்ணீருக்கடியில் போய்க் கிடந்தது. அவனுடைய அலறலைத் தறிச்சத்தம் விழுங்கிக்கொண்டது.

பின்கதவு திறந்தது. வடிவாம்பாள் வந்தாள். கையில் காபி இல்லை, செல்போன் இருந்தது. அவளைத் தள்ளிக்கொண்டு இரண்டு போலீஸ்காரர்கள் ஓடிவந்தார்கள்.

“யார்றா சொன்னது?” வாயில் புகுந்த தண்ணீரைத் துப்பிக்கொண்டு கத்தினான் ஜெயக்குமார். “எங்க ஆளுங்கள்ல எவன்டா காட்டிக் குடுத்தது?”

கைலாசம் துண்டால் காலைக் கட்டிக்கொண்டே அவனைப் பார்த்தார்.

“யாரும் சொல்லலப்பா. ஃபில்டர்காரரு நேத்தே வந்து, காபி குடிச்சிட்டுப் போயிட்டாரு.”