ஆடியோ கோளாறு

"சார், உங்க குரல் எனக்குக் கேக்கவே இல்ல. ஆடியோ பிராப்ளம்னு நினைக்கிறேன்."

சொன்னது அக்ஷதா. உண்மையில் ஆடியோ கணீரென்று இருந்தது. ஆன்லைனில் இன்டர்வியூ எடுத்த மூன்று பேரில் ஒருவர் டீயை உறிஞ்சியதுகூடக் கேட்டது.

அவளை விரட்டியது ஒரே ஒரு கேள்விதான். "உங்களைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க."

பி.டெக்கில் முதல் வகுப்பு. ஆனால் தன்னைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்ல நாக்கு எழவில்லை. பொய் சொல்ல மட்டும் எழுந்தது. முந்தைய இரண்டு கம்பெனிகளிலும் இப்படியே தப்பித்து, இரண்டு வேலையையும் கோட்டை விட்டிருந்தாள்.

காது கேட்காதவளுக்குச் சொல்வதுபோல் அவர்கள் திரையில் எழுதிக் காட்டினார்கள். 'சனிக்கிழமை பதினொரு மணிக்கு மறுபடி வாருங்கள். கம்ப்யூட்டரைச் சரிசெய்து வையுங்கள். இதுதான் கடைசி வாய்ப்பு.'

சாயங்காலம் அம்மா சாந்தா வேலையிலிருந்து வந்தாள். லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில், பெட்டிகளின் ஃபேன், லைட்டுகளைச் சரிபார்க்கிற டெக்னீஷியன்.

"என்னடி, இன்டர்வியூ முடிஞ்சுதா?"

"சவுண்டே வரலம்மா. கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு."

பொய்க்கு ஒரு சாட்சி வேண்டுமே என்று ஏற்கெனவே ம்யூட் போட்டு வைத்திருந்தாள்.

அம்மா, மாமா பெண்ணின் கல்யாண வீடியோவை ஓடவிட்டாள். நாதஸ்வரக்காரர் கன்னம் உப்ப ஊதினார். சத்தம் இல்லை. திரையின் மூலையில், ஸ்பீக்கர் படத்தின் மேல் குறுக்குக் கோடு. அதெல்லாம் அம்மாவுக்கு எங்கே தெரியப்போகிறது என்று அக்ஷதா தைரியமாக நின்றாள்.

அம்மா பையிலிருந்து சாக்பீஸை எடுத்தாள்.

"பெட்டியில ஃபேன் ஓடலேன்னா நாங்க ஒவ்வொண்ணாத்தான் பாப்போம். நல்லா இருக்கறதுக்கு டிக் போடுவோம். டிக் விழாததுலதான் கோளாறு. டார்ச்சப் பிடி."

எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வந்தவள் மேஜைக்கு அடியில் மண்டியிட்டாள். தன் பொய்யைத் தேட அக்ஷதாவே டார்ச் பிடித்தாள்.

பிளக், டிக். வயர், டிக். ஸ்பீக்கரையும் ஹெட்செட்டையும் அம்மா தன் போனில் மாட்டிப் பார்த்தாள். இரண்டுக்கும் டிக்.

வியாழக்கிழமை, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்யும் பக்கத்து குவார்ட்டர்ஸ் கோபி வாசலில் வந்து நின்றான்.

"ஆன்ட்டி, சிஸ்டம்ல சவுண்ட் இல்லியாமே? நான் பாக்கட்டா? அஞ்சே நிமிஷம்."

அக்ஷதா திரையை மறைத்து நின்றாள். அஞ்சு நிமிஷம் எதற்கு, அஞ்சு விநாடி போதும்.

"நக்கோ கோபி, வேணாம்," என்றாள் அம்மா. "எங்க வண்டி எங்க ஷாப்லயே ரெடியாவட்டும்."

"ஹவ், ஆமா, நீங்க பெரிய இன்ஜினியர்," என்று சிரித்துக்கொண்டே போனான்.

அம்மாவின் வீம்பும் அறியாமையும் சேர்ந்து தன்னைக் காப்பாற்றிவிட்டதாக அக்ஷதா நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் பரிதாபமும் பட்டாள், அதுவும் அம்மாவுக்காக.

வெள்ளிக்கிழமை அம்மா சிபியுவைத் திறந்து, பிரஷ்ஷால் தூசி தட்டி, அதற்கும் ஒரு டிக் போட்டாள்.

சனிக்கிழமை காலை டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டாள். "இன்னிக்கு அரை நாள்தான். எல்லாம் பாத்தாச்சு. ரெடி."

"சவுண்ட் வரலியேம்மா."

"வரும்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நாலு டிக் போட்டால் கம்ப்யூட்டர் பேசிவிடும் என்று நம்புகிறாளே என்று அக்ஷதாவுக்குச் சிரிப்பு வந்தது. 'இன்னும் சரியாகவில்லை சார்' என்று ஒரு மெயில் தட்டிவிட்டால் என்ன என்றும் தோன்றியது. சாட்சிக்கு அம்மாவே இருக்கிறாள். சும்மா, நின்றபடியே அந்தக் கல்யாண வீடியோவைத் தட்டினாள்.

நாதஸ்வரம் வீடே அதிர அலறியது.

பதறிப்போய் நிறுத்தினாள். மூலையில் ஸ்பீக்கர் படத்தின் மேல் இருந்த கோட்டைக் காணோம். அவள் எடுக்கவில்லை. வீட்டில் இருப்பதோ இரண்டே பேர்.

கோபியை ஏன் உள்ளே விடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மூன்று நாளாகப் பரிதாபத்துக்குரியவள் யார் என்பதும்.

உட்கார நாற்காலியை இழுத்தாள். முதுகு சாய்கிற இடத்தில், கறுப்பு ரெக்ஸின் மேல், வெள்ளையாக ஒரு டிக்.

பதினொரு மணிக்கு அதே மூன்று பேர் வந்தார்கள்.

"அக்ஷதா, இன்னிக்கு ஆடியோ ஓகேயா?"

"ஓகே சார். என்னைப் பத்திச் சொல்றேன்," என்று நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

புதுச் சுடிதாரின் முதுகில் சாக்பீஸ் ஒட்டும். ஒட்டட்டும்.