பத்து நிமிஷ அருவி

“ஐயோ, விழுந்துடப் போறேன்! யாராவது பிடிங்களேன்!” அருவிப் பாறையின் விளிம்பில் நின்றுகொண்டு ஆக்னஸ் அலறினாள்.

பிடிக்க ஆள் இருந்தது. அவள் நின்றது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கேன்டீனில். கண்ணை மூடி மாட்டியிருந்த விஆர் பெட்டியைக் கழற்றியதும், நனையாத தாவணியை உதறிவிட்டு வெட்கத்தோடு சிரித்தாள்.

“பாத்தீங்களா? பஸ் வேணாம், வாந்தி வேணாம். அமிர்தி அருவியே உங்களத் தேடி வந்துடுச்சு!” என்றார் மேனேஜர் பார்த்திபன். கழுத்து வலிக்குப் பட்டை போட்டிருந்ததால் முழு உடம்பையும் திருப்பித்தான் பேசினார். “நிஜத்துல இவ்ளோ கிட்ட நிக்க முடியுமா? எந்தப் பக்கம் திரும்பினாலும் காடு. நேத்து நானே மாட்டிப் பாத்தேன். அசையாம உக்காந்துட்டேன்!”

தையல் பிரிவுப் பெண்களுக்கு வருஷத்தில் ஒரு நாள் டூர் உண்டு. இனி அதற்குப் பதில் இந்தப் பத்து நிமிஷம். ‘திருப்தி’ என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் டூர் அடியோடு ரத்து; பார்த்திபனுக்கு முதலாளியிடம் நல்ல பேர்.

பில்கிஸ் பேனாவைத் தொடவில்லை. பதினெட்டு வருஷமாக அங்கே ஷூ தைப்பவள்.

“எங்களுக்கு மட்டுந்தானா சார், ஆபீசுக்கும் இதேதானா?”

“எல்லாருக்கும் இதேதாம்மா. ஆர்டர் ஜாஸ்தி. இதப் படம் புடிக்கக்கூட கேமராக்காரன் மட்டுந்தான் போனான். நானே அமிர்திய இதுலதான் பாத்தேன்.”

சொல்லும்போது அவர் பார்வை அவளுடைய தேய்ந்த ரப்பர் செருப்பில் போய் விழுந்தது. அவர் காது மடல் சுட்டது.

பில்கிஸ் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பெட்டியை மாட்டினாள்.

“நேரா பாரும்மா. அருவி நேராத்தான் இருக்கு.”

அருவியை அவள் கொஞ்ச நேரம்தான் பார்த்தாள். பிறகு மெல்லப் பின்பக்கம் திரும்பினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

“இன்னாக்கா, புலியா?” ஆக்னஸ் கேட்டாள்.

பில்கிஸ் பெட்டியைக் கழற்றினாள். கையெழுத்துப் போடாத தாளைப் பார்த்திபனிடமே நீட்டினாள். குரலில் கோபம்கூட இல்லை.

“பின்னாடி மரத்தடியில, கழுத்துல இதே பட்டையோட, உங்க வீட்டு மேடத்துக்கு பிரியாணி ஊட்டி விடறது நீங்கதான சார்?”